மூணாவது வரிசை

ஒரு நாள் வைத்துப் பாருங்க என்று
நீலாம்பூர் ஷோரூமில் வண்டியைக் கொடுத்துவிட்டார்கள்.
சாவி இல்லை, அட்டை.
மச்சாண்டார் அதைச் சட்டைப் பையில்
ரேஷன் கார்டு போலப் பத்திரப்படுத்தினார்.

கணக்கு எழுதுகிறவள் நான்.
சோமனூரில் இருபத்து நாலு தறிக்கும்
கரண்ட் பில் கட்டுகிறவள்.
அதனால் நோட்டும் பேனாவும் என்னிடம்.
அதனால்தானோ என்னவோ, கடைசி சீட்டும்.

முன்னால் அண்ணனும் தம்பியும்.
நடுவில் ஓரகத்தி,
காதில் வெள்ளை மொட்டு செருகிய அவள் பெண்கள்.
பின்னால் நானும் முகிலனும்.
ஏழு. ஒரு ஆள் எச்சு இல்லை, கம்மி இல்லை.

எழுதினேன்:
முழங்கால் தாடையை விசாரிக்கிறது.
பத்து வயசுக்காரனுக்குத் தாராளம்,
நாற்பதுக்குக் காங்கயம் வரை தாங்கும்.
ஏசிக் காற்று முன்னால் மிச்சமிருந்தால் வருகிறது.
சீட்டை நிமிர்த்தினால் டிக்கியில்
ஒரு தூக்குப்போசி, ஒரு தேங்காய்ப் பை, அவ்வளவுதான்.
சீர் கொண்டுபோக ஆகாது.
மடித்தால் நூல் மூட்டை நாலு போகும்.
மடித்தால் நான் எங்கே?

பல்லடம் தாண்டியதும்
மச்சாண்டார் நூறைத் தொட்டார்.
முகிலன் மடியிலிருந்த முறுக்கு உடையவில்லை.
அதையும் எழுதினேன்.

சிவன்மலை ஏறியதில் நாலு சதம் போச்சு,
இறங்கையில் ஒண்ணு திரும்ப வந்துச்சு.
வாங்கினதில் கொஞ்சம் திருப்பித் தருகிற ஒன்றை
எங்கள் வீட்டுக்கு இப்போதுதான் கூட்டி வருகிறோம்.

சத்தம் என்று ஒரு தலைப்பு போட்டு வைத்திருந்தேன்.
தறிக்காரர் வீடுங்க எங்களுது.
பக்கத்தில் நிற்பவரிடமும் கத்தித்தான் பேசுவோம்.
ரகசியம் பேச எங்க ஆம்பளைகள்
தறிக்கூடத்துக்குள்தான் போவார்கள்.
அங்கே உதடு தெரியும், சொல் தெரியாது.
இருபது வருசத்துப் பழக்கம்.
இந்த வண்டியில் உட்கார்ந்தும்
பின்னால் தறி ஓடுகிறதென்றே நினைப்பு அவர்களுக்கு.

திரும்புகையில், காங்கயம் தாண்டி,
ஒரு வேகத்தடையில் மெள்ள ஏறி இறங்கிய நேரம்
மச்சாண்டார் குரல்
எனக்கே சொன்ன மாதிரி வந்தது:
“தை பொறந்தா ஆளுக்குப் பன்னெண்டு தறி.
பேச்சு முடிஞ்சுதல்லோ.
வண்டி எம் பேர்லயே இருக்கட்டும்.
நோம்பி நொடிக்கு நீ எடுத்துக்க.”

வீட்டுக்காரர் தலை அசைந்தது.
பின்னங்கழுத்து மட்டும்தான் தெரிந்தது எனக்கு.
காலர் மடிப்பில் நூல் பஞ்சு.
ஓரகத்தி கண்ணாடிக்கு வெளியே
தென்னைகளை எண்ணிக்கொண்டிருந்தாள்.
அவளுக்கு வண்டிதான் புதுசு,
சேதி பழசு.

ஏழு பேர் வண்டியை
ஏழு பேராகப் போய்ப் பார்க்கிறோம்,
வாங்குகிற அன்றைக்கு நாங்கள் நாலும் மூணும்.
சத்தம் என்ற இடத்தில்
இல்லை என்று எழுதினேன்.
பேனா கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது.

நீலாம்பூரில் எல்லாரும் இறங்கிவிட்டார்கள்.
மூணாவது வரிசைக்குத் தனிக் கதவு கிடையாது.
நடு வரிசை மடங்கினால்தான் வெளியே.
ஷோரூம் பையன் தரணிதரன் ஓடிவந்து
லீவரை இழுத்தான்.

“பின்னாடி எப்படிங்க்கா இருந்துச்சு?”

“நல்லாக் கேக்குதுங் தம்பி.”

அவனுக்குப் புரியவில்லை.
பாட்டுப்பெட்டியைச் சொல்கிறேன் என்று நினைத்து
எட்டு ஸ்பீக்கருங்க என்றான்.

“சரி, இதே கம்பெனியில
அஞ்சு பேர் போற வண்டி இருக்குதுங்களா?
சின்னதாப் போதும். எம் பேர்ல எடுத்தா
மாசத் தவணை எவ்வளவு வரும்?”

அப்போதுதான்
வீட்டுக்காரர் முகம் திரும்பியது.

சார்ஜ் அறுபத்தொண்ணு என்று காட்டியது.
அதையும் எழுதிக்கொண்டேன்.